கழுத்தளவே முதல்: கோண்டாவிலில் ஒரு செல்லப்பிராணிப் பட்டித் தொழில்

திரும்பி வந்த முதற் பட்டியில் தையல் ஓரிடத்திலும் விட்டிருக்கவில்லை. நாடாவும் புதிதுபோலவே இருந்தது. விரிந்திருந்தது, வார் கொளுவும் டி வடிவ வளையம் மட்டும். முனைகளை உருக்கி ஒட்டாமல், வளைத்துச் சந்திக்க மட்டும் வைத்த கம்பி அது. ஒரே சுண்டுதலில் வாயைத் திறந்துவிட்டது. "அக்கா, பட்டி அறேல்லை, வளையம்தான் இழுபட்டுப் போச்சு. நாய் றோட்டுக்கு ஓடிட்டுது. நல்ல காலம், வாகனம் ஒண்டும் வரேல்லை" என்று வாங்கியவரிடமிருந்து வட்ஸ்அப்பில் குரல்பதிவு. ஒட்டிய வளையத்துக்கும் ஒட்டாத வளையத்துக்கும் விலையில் இருந்த வித்தியாசம் சில ரூபாதான்.

இந்த ஆய்வில் வரும் தம்பதி ஒரு மாதிரி. யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்து நாய், பூனைச் சாமான் செய்து விற்கத் தொடங்குவோர் முன் வரும் தெரிவுகளையும் தவறுகளையும் கோண்டாவிலில் உள்ள ஒரு வீட்டில் வைத்துக் காட்டியிருக்கிறோம். ரூபாக் கணக்கு வழிகாட்டத்தான். அவரவர் பற்றுச்சீட்டைப் பார்த்து எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். நாடாவின் அளவும் சோதனைகளும் அப்படியே எடுத்துச் செய்யக்கூடியவை.

மனைவி சட்டை தைப்பவர். விறாந்தையில் ஒரு ஜூக்கி மெஷின் ஏற்கெனவே இருந்தது. கணவர் இரும்புக்கடையில் வேலை செய்பவர். மாலையிலும் ஞாயிறிலும்தான் அவருக்கு நேரம். தொடக்கத்தில் கைவசம் இருந்த தவறான எண்ணம், வகை கூடினால் விற்பனை கூடும் என்பது. கழுத்துப்பட்டி, நடைவார் (நாயைப் பிடித்து நடத்தும் வார்), மார்புப்பட்டி, மெத்தை, நாய்ச்சட்டை, பூப்போட்ட பூனைப்பட்டி என்று எல்லாவற்றிலும் கை வைத்தார்கள். மூன்று மாதத்தில் போட்ட முதல் முழுவதும் அலுமாரிக்குள் முடங்கிவிட்டது.

ஏன் முடங்கியது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நாய்ச்சட்டை இந்த வெக்கைக்கு உதவாது. நாய் உடம்பால் வியர்ப்பதில்லை, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை இறக்கும், அதன்மேல் துணி போர்த்துவது அதற்குத் துன்பம். பஞ்சு மெத்தையை வாங்கிய வீடுகளில் நாய் மெத்தையை விட்டுவிட்டுச் சீமெந்து நிலத்தில்தான் படுத்தது. நாய்க்குக் குளிர்ச்சி அங்கேதான் இருக்கிறது. மெத்தையில் உண்ணி குடியிருக்கவும் வசதி. மார்புப்பட்டியின் சிக்கல் வேறு: 5 அளவு, 4 நிறம் என்றாலே 20 வகை, ஒவ்வொன்றிலும் மூன்று வைத்திருந்தால் 60 உருப்படி. கழுத்து, மார்பு, முதுகு நீளம் என மூன்று அளவு பொருந்த வேண்டும். அதில் ஒன்று பிசகினாலும் பொருள் திரும்பி வரும். மார்புப்பட்டி நல்ல பொருள்தான், இழுக்கும் நாய்க்குக் கழுத்துப்பட்டியைவிட நல்லது. ஆனால் தொடக்கக்காரருக்கு அது இரண்டாம் ஆண்டு வேலை.

கடைசியில் நின்றவை நான்கு: கழுத்துப்பட்டி, நடைவார், பூனைப்பட்டி, தொலைபேசி இலக்கத் தகடு.

சாமான் தெரிவு

நாடா, பக்கிள், வளையம், கொழுக்கி எல்லாம் கொழும்பு புறக்கோட்டையிலிருந்து இரவு பஸ்ஸில் பொதியாக வரும். படத்தைப் பார்த்து ஓர்டர் கொடுக்கும்போதுதான் ஏமாற்றம் நேர்கிறது, ஏனென்றால் பிபி (பொலிப்புரோப்பிலீன்) நாடாவும் நைலோன் நாடாவும் படத்தில் ஒன்றுபோலவே தெரியும்.

இதற்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். நாடாவில் ஒரு விரல் நீளம் வெட்டி, காற்றுக் குமிழி போகும்வரை தண்ணீருக்குள் பிசைந்து விடுங்கள். பிபி தண்ணீரைவிட இலேசானது. மேலே வந்து மிதக்கும். நைலோனும் பொலியெஸ்டரும் தாழும். பக்கிளுக்கும் இதே சோதனை. தரமான பக்கிள் அசற்றல் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்தது, கல்லுப்போலத் தாழும். மிதக்கிற பக்கிளை நாய்ப்பட்டியில் போடக் கூடாது.

பிபி நாடா மலிவு, ஈரம் உறிஞ்சாது. ஆனால் வெயில் தாங்கி சேர்க்காத பிபி, முற்றத்தில் கட்டிய நாயின் கழுத்தில் சில மாதத்திலேயே தும்பு தும்பாக உதிரத் தொடங்கும். உராயும் இடத்தில் கழுத்து மயிரையும் தின்னும். நைலோன் பலமானது, தோலுக்கு மென்மையானது. நனைந்தால் சற்று நீளும், காய நேரம் எடுக்கும். வெயிலையும் மழையையும் சேர்த்துப் பார்த்தால் யாழ்ப்பாண வளவு நாய்க்குப் பொலியெஸ்டர் நாடாவே எங்கள் தெரிவு. கிடைக்காவிட்டால் நைலோன்.

அகலம்: பூனைக்கு 10 மி.மீ., பொமரேனியன் போன்ற சிறிய நாய்க்கு 15, ஊர் நாய்க்கு 20 அல்லது 25, லாப்ரடோர், ஜேர்மன் செப்பேர்ட்டுக்கு 25 முதல் 38. நாடாவின் அகலமும் வளையத்தின் உள் அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும். 25 நாடாவை 30 வளையத்தில் போட்டால் நாடா ஒரு மூலைக்கு ஒதுங்கி, பாரம் முழுவதும் தையலின் ஒரு ஓரத்தில் விழும்.

வளையம் ஒட்டியதா என்று கண்ணால் பார்ப்பதோடு விட்டுவிடக் கூடாது. நேர்ப்பக்கத்தின் நடுவில் விரல் நகத்தை ஓட்டுங்கள். பிளவு இருந்தால் நகம் மாட்டும். முலாம் அந்தப் பிளவை மறைத்திருக்கும், நகத்தை ஏமாற்றாது. அடுத்தது காந்தம். இரும்பில் முலாம் பூசியது சட்டென்று ஒட்டும். கடலுக்குக் கிட்டிய இடங்களில், குருநகர், நாவாந்துறை, வல்வெட்டித்துறைப் பக்கங்களில், உப்புக்காற்று அந்த முலாமைச் சீக்கிரம் உரித்துவிடும்; வெள்ளை நாயின் கழுத்தில் கறள் வளையம் விழும். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் ஒட்டாது, அல்லது மிக இலேசாகத்தான் ஒட்டும். பித்தளையிலும் ஒட்டாது.

இன்னொரு சின்ன விஷயம், கணக்கில் பெரிய ஓட்டை. நாடாச் சுருள் பெரும்பாலும் 50 யாரில் வரும். அது 50 மீற்றர் அல்ல, 45.7 மீற்றர். ஒரு பட்டிக்கு 56 செ.மீ. என்றால் 50 மீற்றரில் 89 பட்டி, 45.7 மீற்றரில் 81. எட்டுப் பட்டி தாளில் மட்டும் இருக்கும்.

வெட்டும் தையலும்

25 மி.மீ. நாடாவில், சரிசெய்யக்கூடிய பட்டிக்கு வெட்டும் நீளம்: மிகப் பெரிய கழுத்தளவுடன் 11 செ.மீ. கூட்டுங்கள். 45 செ.மீ. வரை விரிய வேண்டிய பட்டிக்கு 56. இந்த 11 செ.மீ. பக்கிள் மடிப்பு, வளைய மடிப்பு, நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் இழுவைச் சட்ட மடிப்பு மூன்றுக்கும் போகும். பக்கிள் தன் நீளத்தால் கொஞ்சம் திருப்பித் தரும். பக்கிளின் நீளம் கடைக்குக் கடை மாறுவதால், புதிய பக்கிள் வந்தால் ஒரு பட்டி தைத்து அளந்த பிறகுதான் அடுக்காக வெட்ட வேண்டும். ஒன்றரை மீற்றர் நடைவாருக்குக் கைப்பிடியும் கொழுக்கி மடிப்பும் சேர்த்து ஏறக்குறைய 180 செ.மீ. போகும்.

வெட்டிய முனையை உருக்கி மூட வேண்டும், இல்லாவிட்டால் இழை பிரிந்து தையல் உருவி வரும். மெழுகுதிரியில் காட்டினால் கரி பிடித்து வெளிர் நிற நாடா கறுக்கும். தட்டை முனையுள்ள சோல்டரிங் அயன் நல்லது. பிபி ஏறக்குறைய 160 பாகையிலேயே உருகிவிடும், நைலோன் 220க்கு மேல், பொலியெஸ்டர் 250க்கு மேல். ஆகவே பிபியில் பழகிய கை பொலியெஸ்டரில் அவசரப்படும், முனை அரைகுறையாக மூடும். உருகிய முனை ஆறும்போது மணிபோலத் திரண்டு கூராகிறது. அந்தக் கூர் நாயின் கழுத்தைக் கீறும். உருகிய கணத்தில் கரண்டியின் முதுகால் ஒருதரம் அழுத்தினால் தட்டையாகிவிடும். ஆறியதும் அந்த முனையைத் தன் கன்னத்தில் உரசிப் பார்ப்பது மனைவியின் வழக்கம். விரலைவிடக் கன்னத்துக்குக் கூர் நன்றாகத் தெரியும். இந்த வேலையை விறாந்தைக் கரையில், காற்றோட்டத்தில் செய்ய வேண்டும். புகை மூச்சுக்கு ஆகாது.

பருத்தி நூல் வேண்டாம், ஈரத்தில் உக்கிவிடும். தடித்த பொலியெஸ்டர் அல்லது நைலோன் நூல், 18ஆம் இலக்க ஊசி, 3 மி.மீ. தையல். மடித்த இடத்தில் நீள்சதுரம் தைத்து உள்ளே பெருக்கல் குறி: 25 நாடாவில் 20க்கு 30 மி.மீ. சட்டைக்குப் போடும் 14ஆம் இலக்க ஊசியோடு தொடங்கியதால் முதல் வாரம் ஊசி முறிந்துகொண்டே இருந்தது. முறிந்ததுகூடப் பெரிதில்லை. தடித்த மடிப்பில் ஊசி வளைந்து போய், அடி நூலைப் பிடிக்காமல் தையல் தாவிவிடும். மேலே பார்த்தால் ஒழுங்காகத் தெரியும், அடியில் திருப்பினால் இரண்டு மூன்று தையல் இல்லை. வேகமாக ஓட்டினால் ஊசி சூடேறி நூலே உருகி அறும். ஆகவே மடிப்புக்கு வந்ததும் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கைச்சில்லால் சுற்ற வேண்டும். ஒரு பட்டியில் இப்படிச் சுற்றும் நேரம் இரண்டு நிமிடம்கூட ஆகாது.

கழுத்தளவு

வீட்டுத் தொழிலில் காசு ஒழுகும் இடம் இதுதான் என்று உறுதியாகச் சொல்லலாம். பட்டி பிழைத்துத் திரும்புவது அருமை. அளவு பிழைத்துத் திரும்புவதுதான் வழமை. "லாப்ரடோர், பெரிய சைஸ்" என்று செய்தி வரும். லாப்ரடோர் என்று யாழ்ப்பாணத்தில் வளர்வதில் கலப்பும் உண்டு, நான்கு மாதக் குட்டியும் உண்டு. இனத்தின் பெயரை வைத்து அளவு போட்டால் பாதி பிசகும்.

வீட்டில் அளவு நாடா இல்லாதவர்களே அதிகம். அவர்களுக்கு மனைவி அனுப்பும் குறிப்பு இது: "நூலொண்டை எடுத்து, மயிருக்குள்ள விட்டு, கழுத்தின்ரை அடிப்பக்கமாச் சுத்துங்கோ. நூலுக்கும் கழுத்துக்கும் இடையில ரெண்டு விரல் போகோணும். சந்திக்கிற இடத்தில பேனையால குறிச்சு, நூலை நிலத்தில நீட்டி வைச்சு, பக்கத்தில அடிமட்டம் வைச்சுப் படம் எடுத்து அனுப்புங்கோ." படம் கேட்பதுதான் இதன் உயிர். சென்ரிமீற்றரையும் அங்குலத்தையும் மாற்றிப் படிப்பவர் பலர். படத்தில் அந்தப் பிழை உடனே தெரிந்துவிடும். அதோடு கேட்கும் கேள்விகள் மூன்று: வயது என்ன, கட்டி வளர்ப்பதா விட்டு வளர்ப்பதா, தலை கழுத்தைவிடச் சிறுத்ததா. தலை சிறுத்த நாய் பின்னோக்கி இழுத்தால் சாதாரணப் பட்டி காதுக்கு மேலால் கழன்றுவிடும்.

குட்டிக்குப் பட்டி விற்றால் வேலை அங்கே முடிவதில்லை. வளரும் குட்டியின் பட்டியை வாரம் ஒருதரம் தளர்த்திப் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்ட பட்டி, அதைவிடக் கூடுதலாகக் கட்டி மறந்த கயிறு, தோலை வெட்டி உள்ளே இறங்கும். மேலே மயிர் மூடியிருப்பதால் மணம் வரும்வரை வீட்டாருக்குத் தெரியாது. இந்த வெக்கையில் அந்தப் புண்ணில் புழு வைக்க நாளாகாது. மிருக வைத்தியர் மயக்க மருந்து கொடுத்து வெட்டித்தான் எடுப்பார். அதனால் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளின் பெயர்கள் தனிக் கொப்பியில். இரண்டு கிழமைக்கு ஒருதரம் "இரண்டு விரல் போகுதோ?" என்று ஒரு செய்தி. போகவில்லை என்றால் அடுத்த அளவுப் பட்டி விற்கும் என்பதும் உண்மை, ஆனால் அந்தச் செய்தி குட்டியின் கழுத்துக்காகவே அனுப்பப்பட வேண்டியது.

பூனைக்கு வேறு சட்டம். பூனை மதில், வேலி, மாமரக் கொப்பு எங்கும் ஏறும். பட்டி மாட்டினால் தூக்குக் கயிறாகிவிடும். இழுத்தால் தானாகத் திறக்கும் பக்கிள் இல்லாமல் பூனைப்பட்டி விற்கவே கூடாது. நாய்ப் பக்கிளின் சின்ன அளவைப் போட்டுப் பூனைப்பட்டி என்று விற்பது சந்தையில் நடக்கிறது, அது உயிராபத்து. இலாஸ்ரிக் துண்டு வைப்பதும் தீர்வல்ல, முன்னங்காலை உள்ளே விட்டுச் சிக்க வைத்துக்கொள்ளும். சோதனை இலகு: பட்டியைப் பூட்டி ஆணியில் மாட்டி, ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலை அதில் தொங்கவிட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. அதற்கு இரண்டாவது போத்தலையும் சேர்க்கும்போது பக்கிள் திறக்க வேண்டும். வளர்ந்த பூனை மூன்று, நான்கு கிலோ இருக்கும். தன் எடையிலேயே அது விடுபட வேண்டும்.

நாய்ப்பட்டிக்கு நேர்மாறு. 20 பட்டிக்கு ஒன்றை எடுத்து, பூட்டிய பட்டியை இரும்புக் குழாயில் மாட்டி, வளையத்திலிருந்து ஒரு மூடை சீமெந்து, அதாவது 50 கிலோ, ஐந்து நிமிடம் தொங்கவிடுவார் கணவர். ஓடி வந்து வாரின் முடிவில் நிற்கும் நாயின் சுண்டுதல் அதன் எடையின் பல மடங்கு. வளையம் நீண்டாலோ தையல் ஒரு இழை நகர்ந்தாலோ அந்த அடுக்கு முழுவதும் பிரிக்கப்படும். தொங்கிய பட்டி விற்பனைக்குப் போகாது.

"உண்ணி மருந்து தெளிச்ச பட்டி இருக்கோ?" என்ற கேள்வி வாராவாரம் வரும். செய்யக் கூடாது. நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. ஒரே வீட்டில் நாயோடு உரசிப் படுக்கும் பூனை வலிப்பு வந்து இறக்கலாம். பூச்சிநாசினி விற்பனை 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டதும்கூட. மிருக வைத்தியரிடம் அனுப்புவதுதான் சரியான பதில்.

விலை

ஒரு நாய்ப்பட்டிக்கு முதலில் வைத்த விலை 450 ரூபா. சாமானுக்கு 220 போகிறது, இரட்டித்தால் 440, சில்லறை பார்த்து 450. இந்த இரட்டிப்புக் கணக்கு ஊர் முழுக்க உண்டு, பிழையானது. சரியாகப் போட்டால் இப்படி: நாடா 50, பக்கிள் 60, வளையம் 50, இழுவைச் சட்டம் 25, நூல் 10, அட்டையும் பையும் 25, கூட்டினால் 220. வெட்டித் தைக்கையில் வீணாவது 5 வீதம் 11. கைவேலை 18 நிமிடம், மணிக்கு 300 ரூபா என்றால் 90. வாடிக்கையாளருடன் வட்ஸ்அப்பில் போகும் 10 நிமிடத்துக்கு 50. இதைக் கணக்கில் சேர்ப்பவர் இல்லை, ஆனால் அந்த நேரத்தில் மெஷின் நிற்கிறது. மின்சாரமும் மெஷின் தேய்மானமும் 20. இதுவரை 391. இருபதுக்கு ஒன்றை மாற்றிக் கொடுக்க நேரும் என்று வைத்தால், அந்தப் பட்டியும் 400 ரூபா கூரியரும் 20 பட்டியில் பகிர்ந்து 40. மொத்தம் 431.

450க்கு நேரே விற்றால் மிஞ்சுவது 19 ரூபா. கடையில் வைத்து அவர்கள் 25 வீதம் எடுத்தால் கைக்கு வருவது 337.50, ஒவ்வொரு பட்டியிலும் 93.50 நட்டம். கடையில் நன்றாக விற்ற மாதத்தில்தான் கையில் காசில்லாமல் போனது இதனால்தான். 750 ஆக்கியபோது கடை வழியாகவும் 131.50 நின்றது. விலை கூடியதும், ஏன் இந்த விலை என்ற கேள்வி கூடியது. ஒட்டிய வளையத்தையும் ஒட்டாத வளையத்தையும் அருகருகே வைத்து எடுத்த படம் ஒன்றே அதற்குப் பதிலாயிற்று.

ஓர்டர்களில் ஒரு பகுதி ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும். அம்மா அப்பாவோடு ஊரில் இருக்கும் நாய்க்குப் பிள்ளைகள் அங்கிருந்து காசு போடுவார்கள். இவற்றில் அளவு கேட்க வேண்டியது ஊரில் உள்ள பெற்றோரிடம். காசு போட்டவரின் ஞாபகத்தில் நாய் இன்னும் குட்டியாகத்தான் இருக்கும். பொருள் கொடுத்துக் காசு வாங்கும் கூரியர் முறையில் வாங்காமல் திருப்பி அனுப்புவோரும் உண்டு. கழுத்தளவுக்கு வெட்டிய பட்டிக்கும் இலக்கம் வெட்டிய தகட்டுக்கும் முற்பணம் இல்லாமல் கை வைக்கக் கூடாது.

தகட்டை இவர்களே வெட்டுவதில்லை. சில்வர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுபவரிடம் கொடுத்தால் போதும். நாயின் பெயர் வேண்டாம், இரண்டு தொலைபேசி இலக்கம் வேண்டும். தீபாவளிக்கும் வருடப்பிறப்புக்கும் கோயில் திருவிழாவுக்கும் வெடி கொளுத்தும்போது பயந்து ஓடும் நாய் பல தெரு தாண்டிவிடும். தகடு விற்க நல்ல காலம் அதற்கு மூன்று கிழமை முன்பு.

பதிவு சிரமமில்லை: கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் வணிகப் பெயர்ப் பதிவு, பிறகு அந்தப் பெயரில் வங்கிக் கணக்கு. மிருக வைத்திய நிலையங்களும் கடைகளும் பற்றுச்சீட்டுக் கேட்கும் என்பதால் தள்ளிப் போடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரும்புக் கொழுக்கி பெட்டிக்குள்ளேயே கறள் பிடிக்கும். மூடியுள்ள வாளிக்குள் வறுத்த அரிசிப் பொட்டலத்தோடு வைத்தால் தப்பும்.

எதிர்பாராமல் நின்ற பொருள் ஒன்று உண்டு, ஆட்டுப்பட்டி. நாய்ப்பட்டி வாங்க வந்த ஒருவர் "உதையே ஆட்டுக்கும் தைச்சுத் தாங்கோ, கயிறு கழுத்தை அறுக்குது" என்று கேட்டதில் தொடங்கியது. 25 நாடா, ஒட்டிய வளையம், பக்கிளுக்குப் பதிலாக, இடுப்புப் பெல்ட்டில் உள்ளதுபோன்ற இரும்பு முள்ளுப்பூட்டு. ஆடு பிளாஸ்டிக்கைக் கடித்துத் தின்னும். நிறம் கேட்பவர் இல்லை, அளவு இரண்டே இரண்டு. வீட்டுக்கு மூன்று நான்கு ஆடு இருப்பதால் ஒரு ஓர்டரில் நான்கு பட்டி போகும்.

இனி அந்த விரிந்த வளையம். அதே பொதியில் வந்த வளையங்கள் எந்தெந்தப் பட்டியில் போயின என்று அன்று தெரியவில்லை. இரண்டு மாதத்தில் வாங்கிய எல்லோருக்கும் செய்தி அனுப்பி, நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்லி, பிளவு இருந்தவர்களுக்குப் புதுப் பட்டி கொடுக்க வேண்டியதாயிற்று. அதன்பின் அடி நூலுக்கு நிறம் வந்தது. புதிய சாமான் பொதி ஒவ்வொன்றுக்கும் பொபினில் வேறு நிற நூல்: பங்குனியில் வந்த வளையத்துக்குப் பச்சை, அடுத்ததற்குச் செம்மஞ்சள், அதற்கடுத்ததற்கு ஊதா. மேல் தையல் எப்போதும் கறுப்பு, ஆகவே வெளியே தெரியாது. கொப்பியில் நிறத்துக்கு நேரே கடையின் பெயர், திகதி, தொகை. யாராவது முறைப்பாட்டோடு வந்தால் முதற் கேள்வி, "பட்டியைத் திருப்பிப் பாருங்கோ, அடியில என்ன நிற நூல்?"